பந்தயமாக வைத்த கேள்வி

எனது பெயர் யேசுதாசன் றொசாந்தி. வயது முப்பத்தாறு. குருநகர் மீன் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் தாயாருடன் வசிக்கிறேன். தொழில் கள ஆய்வாளர். இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். இன்று ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கிறிஸ்ரினா என்பவரின் வளவில் ஆட்களைக் கூட்டிப் பந்தயம் வைத்துச் சீட்டாட்டம் நடத்தியதாக என்மீது சொல்லப்பட்டதை சார்ஜன்ட் சுதாகரன் எனக்கு விளங்கப்படுத்தினார். அது பற்றி எனக்குத் தெரிந்ததை நானாகவே சொல்கிறேன்.

நான் வேலை செய்யும் ஆய்வு, முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டில் என்ன பராமரிப்புக் கிடைக்கிறது, அவர்களுக்கு உண்மையில் என்ன ஆதரவு வேண்டும் என்பது பற்றியது. கேள்வியை அந்த ஆளிடமே கேட்கவேண்டும், பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கக்கூடாது என்பது எங்கள் விதி. அந்த விதிக்காகக் கூட்டத்தில் சண்டை போட்டவள் நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ரை காலைப் பற்றி என்னோடு வந்தவரிடம்தான் கேட்பார்கள். எனக்குக் கால்தான் இல்லை, வாய் இருக்கிறது என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன்.

இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்தவர்களில் ஒருவர் சந்தியோகு என்பவர். வயது எழுபத்தாறு, கடற்றொழில் செய்தவர், மனைவி காலமாகிவிட்டார். சென்ற வருடம் பாரிசவாதம் வந்ததில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரேயொரு சொல், அது "ஓம்". பக்கத்து வீட்டுக் கிறிஸ்ரினா அக்காதான் சமைத்துக் கொடுத்துக் குளிக்கவார்த்துப் பார்த்து வருகிறார். எங்கள் வினாக்களை நான் அவரிடம் கேட்டேன். கிடைக்கிற உதவி போதுமா, ஓம். மனதுக்குச் சந்தோஷமா, ஓம். எங்கள் கணக்குப்படி குடாநாட்டிலேயே குறையில்லாத மனிதர் அவர்தான். எனக்குச் சந்தேகம் வந்து, "அப்பு, நீங்கள் ஒரு பெட்டையோ?" என்று கேட்டேன். அதற்கும் ஓம் என்றார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் ஆள் உள்ளே முழுசாக இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு அவருடைய மகன் எமில்ராஜ் பிரான்சிலிருந்து வந்தார். தகப்பனை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க ஒழுங்கு செய்து, திங்கட்கிழமை காலை, அதாவது நாளைக்கு, ஏற்றிப்போக ஒரு வான் வரச் சொல்லியிருந்தார். வீட்டையும் பூட்டிப் போடுவதாக இருந்தார். நான் போய்ச் சண்டை பிடித்தேன்.

"அப்பாட்டைக் கேட்டனான் தங்கச்சி. ஓம் எண்டவர்."

"எமில் அண்ணை, அவர் எதுக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவார். வேறை சொல்லு அவரிட்டை இல்லை."

"அப்ப அவருக்கு வேண்டாம் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் எழுதிக்கொண்டு போயிடுவியள். மனுசன் விழுந்து கிடந்தால் ஆர் தூக்கிறது? அங்கை பிரான்சிலை ரெலிபோன் அடிக்கிற நேரமெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுது."

அவர் கெட்டவர் அல்ல என்பதை இங்கே பதியவேண்டும். தகப்பனுக்கு வேண்டாம் என்று என்னாலும் நிரூபிக்க முடியாது. நான் சரியான கோபத்தோடு வீட்டுக்குப் போனேன்.

ஆனால் ஒன்றை நான் கவனித்திருந்தேன். கிறிஸ்ரினா அக்காவின் வளவில் வேப்பமரத்தின் கீழ் ஞாயிறு பூசை முடிந்து ஆட்கள் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவார்கள். அப்போது சந்தியோகு அப்பு தன் சக்கர நாற்காலியில் வேலிப் பக்கமாகச் சாய்ந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பார். யாராவது பிழையான சீட்டை இறக்கினால் உச்சுக்கொட்டுவார். ஆகவே இன்று அவரை விளையாட விடுவது என்று தீர்மானித்தேன். ஒரு மரச்சட்டத்தில் மரம் அறுக்கும் வாளால் நீளத்துக்கு ஒரு கோடு அறுத்து, சீட்டுகள் அதில் நிற்கும்படி செய்து கொண்டுபோனேன். எமில்ராஜையும் விளையாடக் கூப்பிட்டேன். தகப்பனோடு கடைசியாக ஒரு ஆட்டம் என்று நினைத்து அவரும் வந்தார்.

நால்வரும் ஒரு பலகையைச் சுற்றி இருந்தார்கள். எமில்ராஜும் வலை வியாபாரம் செய்யும் டினேசும் ஒரு பக்கம். சந்தியோகுவும், அவரோடு முப்பது வருடம் சோடி சேர்ந்து விளையாடிய ஆழ்வாப்பிள்ளை என்பவரும் மறு பக்கம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த விளையாட்டில் கை நல்லதென்றால் இத்தனை எடுப்பேன் என்று ஒரு எண்ணைக் கேட்க வேண்டும். கேட்க விருப்பமில்லாதவர் வாய் திறக்காமல் பலகையில் விரலால் ஒருதரம் தட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பு "ஓம்" என்றால் முன்னால் கேட்டதற்கு அடுத்த பத்து என்று எடுப்பதாக எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

முதற் தரம் அவருடைய முறை வந்ததும் வாய் "ஓம்" என்றது. அதே நேரம் இடக்கை பலகையில் தட்டியது.

"என்ன, கேக்கிறாரோ இல்லையோ?" என்றார் டினேஸ்.

"மச்சான் தட்டிப்போட்டான். தட்டினால் இல்லை. பிறகென்ன கேள்வி?" என்றார் ஆழ்வாப்பிள்ளை. அவர் சீட்டை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

நான் எட்டிப் பார்த்தேன். சட்டத்தில் நின்றதெல்லாம் ஒன்றுக்கும் உதவாத ஏழும் எட்டும். அதன் பிறகு அடுத்த தரத்தையும் அதற்கடுத்ததையும் கவனித்தேன். கை கூடாதென்றால் ஓம், ஒரு தட்டு. கை நல்லதென்றால் ஓம், கை அசையாது. ஒருதரமும் பிசகவில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். வருடம் ஒன்றாக இந்த மனிதனிடம் "இல்லை" என்ற சொல் இல்லை என்று நாங்கள் எல்லோரும் இருந்தோம். அது அவருடைய இடக்கை விரலில் இருந்திருக்கிறது!

"எமில் அண்ணை, இல்லத்துக்குப் போறியளோ எண்டு இப்ப கேளுங்கோ! இந்தப் பலகையிலை வைச்சுக் கேளுங்கோ!" என்று நான் சொன்னேன். கத்தினேன் என்பதே சரி.

எமில்ராஜ் முகம் கறுத்தது. "அது காட்ஸ் பழக்கம். கை தானாத் தட்டுது. அதுக்கு மூளை வேணுமே?" என்றார். அதன் பிறகு, "சரி. இந்தக் கையை அப்பா கேட்டு வெண்டு காட்டட்டும். வெண்டால் நான் கேக்கிறன்" என்றார்.

பந்தயம் ஏதாவது வைக்கப்பட்டதா என்று சார்ஜன்ட் கேட்டதற்கு என் பதில்: வைக்கப்பட்டது. பணம் இல்லை, நகை இல்லை, போத்தலும் இல்லை. வைத்தது ஒரு கேள்வி. அதை எந்தச் சட்டத்தின் கீழ் பிடிப்பது என்று நீங்கள்தான் பார்க்கவேண்டும். இந்த இடத்தில் சார்ஜன்ட் என்னை ஆறுதலாகச் சொல்லும்படி கேட்டார். அவ்வாறே சொல்கிறேன்.

சீட்டுப் போடப்பட்டது. எமில்ராஜ் இருநூறு கேட்டார். அப்பு "ஓம்" என்றார், கை மடியில் கிடந்தது. எமில்ராஜ் இருநூற்றிருபது. "ஓம்." கை அசையவில்லை. எமில்ராஜ் தகப்பனைப் பார்த்துவிட்டுத் தானே பலகையில் தட்டினார். அப்பு துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்; துரும்பு இனத்தில் ஆகச் சின்னதும் மற்ற இனத்து எந்தச் சீட்டையும் வெட்டும். இதற்குள் ஒழுங்கையால் போனவர்கள், பூசைக்கு வந்தவர்கள், ஐஸ் ஏற்றிக்கொண்டு போன லொறிக்காரர் எல்லோரும் வேலிக்கு உள்ளே வந்துவிட்டார்கள். நான் யாரையும் கூட்டவில்லை, அவர்களாகவே வந்தார்கள்.

கடைசிச் சுற்று வந்தது. அதை எடுத்தால்தான் கேட்ட கணக்கு வரும். எமில்ராஜ் ஆசு இறக்கினார். அதற்கு மேலான சீட்டெல்லாம் முன்பே இறங்கிவிட்டன, இனி அதை வெல்ல என்ன இருக்கிறது என்று அவருக்கு நினைப்பு. அப்புவின் சட்டத்தில் ஒரே ஒரு சீட்டு நின்றது. மற்றத் துரும்பெல்லாம் இறங்கி முடிந்ததை அவர் ஒருவர்தான் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். இடக்கையால் அதை உருவிப் பலகையில் போட்டார். துரும்பில் ஏழு. ஆகச் சின்னத் துரும்பு. ஆசுச் சீட்டையே வெட்டிவிட்டார்!

வளவு அதிர்ந்தது. ஆழ்வாப்பிள்ளை தன் சால்வையை மேலே எறிந்தார். கிறிஸ்ரினா அக்கா அகப்பையோடு ஓடி வந்தார். நான் செயற்கைக் காலில் துள்ளினேன், அது செய்யக்கூடாது என்று தெரிந்துகொண்டே துள்ளினேன். சரியாக அந்த நேரத்தில் பொலிஸ் ஜீப் படலையடிக்கு வந்தது. சூதாட்டம் நடப்பதாக யாரோ ரெலிபோன் எடுத்திருந்தார்களாம். சீட்டுகளும் மரச்சட்டமும் எடுக்கப்பட்டன. விளையாடிய நால்வரும் நானும் இங்கே கொண்டுவரப்பட்டோம். எமில்ராஜ் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. நாளைக்கு வான் வரும். ஆகையால், எனக்கு எதிராக என்ன எழுதினாலும் எழுதுங்கள், முதலில் அந்தக் கேள்வியைக் கேட்க வையுங்கள் என்று வேண்டிக்கொண்டேன்.

வாக்குமூலம் இவ்விடத்தில் நிறுத்தப்பட்டது. சார்ஜன்ட் மேசையில் இருந்த கோப்புகளை ஒருபக்கம் தள்ளி, சந்தியோகு அப்புவின் நாற்காலியை மேசையோடு சேர்த்து விடும்படி சொன்னார். "தம்பி, வெண்டவருக்குக் குடுக்கிறதைக் குடும்" என்று எமில்ராஜிடம் சொன்னார். பின்வருவது நான் கண்ணால் கண்டது.

எமில்ராஜ் தகப்பனுக்கு முன்னால் வந்து நின்றார். "அப்பா, அந்த இல்லத்துக்குப் போறியளோ?"

வாய் "ஓம்" என்றது. விரல் மேசையில் ஒருதரம் தட்டியது. பலமாக, எல்லோருக்கும் கேட்கத் தட்டியது.

"வீட்டிலை, கிறிஸ்ரினா அக்கா பாக்க, இருக்கிறியளோ?"

"ஓம்." கை அசையவில்லை. பொலிஸ் நிலையத்தில் ஒருவரும் அசையவில்லை. நான் மட்டும் அழுதேன், சந்தோஷத்தில்.

எமில்ராஜ் அங்கேயே நின்று வான்காரருக்கு ரெலிபோன் எடுத்து நாளைக்கு வரவேண்டாம் என்று சொன்னார். அதன் பிறகு வெளியே போகத் திரும்பினார், போகவில்லை. திரும்பவும் வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். ஒருவரும் கேட்கச் சொல்லாத கேள்வியை மெதுவாகக் கேட்டார்.

"அப்பா, அப்ப நான் வெள்ளிக்கிழமை பிரான்சுக்குப் போகட்டே?"

"ஓம்" என்றார் அப்பு. விரல் தட்டியது. ஒருதரத்தோடு நிற்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தது. எமில்ராஜ் அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார். பிடித்த பிறகும் அது உள்ளே தட்டிக்கொண்டிருந்ததை நான் கண்டேன்.

எழுதியதை சார்ஜன்ட் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் வேகமாகக் கதைத்ததில் விட்டுப்போன இரண்டு இடங்கள் சேர்க்கப்பட்டன. இதில் உள்ளவை நான் கண்டதும் செய்ததும்தான், யாரும் சொல்லித்தந்தவை அல்ல, யாருக்கும் பயந்து சொன்னவையும் அல்ல என்று உறுதியாகச் சொல்லி ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) யே. றொசாந்தி

எனக்கு முன்னிலையில் பதியப்பட்டது:
(ஒப்பம்) சார்ஜன்ட் சுதாகரன்