கொம்பு முளைத்த மடு

டீ ஆறிப்போனால் எனக்குத் தொண்டையில் இறங்காது, சார். அதனால்தான் அன்று சாயங்காலம் வெண்மதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "எடுங்கண்ணே, ஆரோக்கியண்ணே, எடுங்க" என்று அழாத குறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதும் நான் டீயைக் குடித்து முடித்தேன். சிதம்பரம் கிளை ஆபீஸின் தகரக் கூரை காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. கரண்ட் மதியமே போய்விட்டது.

சற்று முன்புதான் கிள்ளையிலிருந்து ராசம்மாள் பேசியிருந்தார். எங்கள் தொண்டு நிறுவனத்துக்காக அந்தப் பக்கம் வேலை பார்ப்பவர்.

"வேன எங்க போவச் சொன்னீங்க? சின்னாமேடா? அப்டி ஒரு மேடே இங்க கெடையாது கண்ணு. அது சின்னாமடு. கடல் ஏறுனா மொதல்ல ரொம்பறதே அந்தப் பள்ளந்தான்."

வேனில் எங்கள் டிரைவர் ஆரோக்கியராஜும், இறால் பண்ணை வேலைக்கு வந்திருந்த இரண்டு வெளியூர்க் குடும்பங்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்த இடம் தெரியாது. ஆரோக்கியராஜ் கையில் வெண்மதி அச்சடித்துக் கொடுத்த மேப் இருந்தது. புயல் வந்தால் எங்கே ஒதுங்கலாம் என்று காட்டும் மேப்.

அது எப்படித் தப்பானது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன், நிதானமாகவே சொல்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு கடலூரில் மேப் பிரிவு தொடங்கியபோது அதில் நான் ஒருவன்தான். காசு கொடுத்து வாங்கிய மென்பொருள். அது ஓடவேண்டுமானால் கம்ப்யூட்டருக்குப் பின்னால் விரல் நீளத்தில் ஒரு டாங்கிளைச் சொருக வேண்டும். அது எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். இயக்குநர் ராஜமாணிக்கமே என் மேஜை ஓரம் வந்து நிற்பார். பெருமைக்குச் சொல்லவில்லை, சார். ஒரு சாவி, ஓர் ஆள் என்றிருந்தால் தப்பு நடக்க வழியில்லை.

பிறகு வெண்மதி வந்தாள். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், உள்ளே பிரித்தும் பார்க்கலாம் என்கிற திறந்தமூல மென்பொருளைக் கொண்டுவந்தாள். ராஜமாணிக்கத்துக்குப் பிடித்துப்போயிற்று.

"ஒரேயடியா மாத்த வேணாம், செல்வன். கொஞ்ச நாளைக்கு ரெண்டும் ஓடட்டும். மொதல்ல ரோடு, அப்பறம் ஆறு, கடைசியா ஊர்ப்பேரு."

ரோடு போயிற்று. ஆறு போயிற்று. என் மேஜை ஓரம் யாரும் வந்து நிற்பதில்லை. ஆரோக்கியராஜ் முதுநகர்க்காரன், என்னோடு பள்ளிக்கூடம் போனவன். அவன்தான் எல்லார் முன்னாலும் கேட்டான்: "இன்னா மச்சான், கொம்பு ஒடிஞ்சிபோச்சா? இப்ப எந்தப் பொட்டியத் தொறந்தாலும் மேப்பு வருதாமே." எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

கடைசியில் ஊர்ப்பெயர்களுக்கு முறை வந்தது. அவை பழைய எழுத்துருவில் இருந்தவை. யூனிகோடுக்கு மாற்றும்போது அங்கங்கே இரட்டைக் கொம்பு உதிர்ந்துவிடும். மேடு என்பது மடு என்று நிற்கும். வெண்மதி கண் வலிக்க ஒவ்வொன்றாகத் தேடித் தேடிக் கொம்பு வைத்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தாள். அவள் முடித்த பிறகு, கொம்பே தேவைப்படாத ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் நான் ஒன்று வைத்தேன். சின்னாமடு, சின்னாமேடு ஆயிற்று.

யாருக்கும் ஒரு கீறல் விழாத ஏற்பாடு அது. பொங்கல் கழித்து ராஜமாணிக்கம் புது மேப்பைக் காட்ட வெளியூர் விருந்தாளிகளை அங்கே கூட்டிப்போவதாக இருந்தார். மேடு என்று போட்ட இடத்தில் முழங்கால் தண்ணீர் கிடக்கும். அவர் முகம் சுண்டிப்போகும். "பழசே போதும்ப்பா" என்பார். நான் டாங்கிளை எடுத்துச் சொருகுவேன். அவ்வளவுதான் என் எண்ணம். பொங்கலுக்கு முன்னாலேயே புயல் வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மறுநாள் வேனைக் கயிறு கட்டி இழுத்தபோது நானும் ஒரு கை பிடித்தேன். கதவைத் திறந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"மாத்தும்போது கொம்பு உதிரும் சார், மொளைக்காது" என்று வெண்மதி உங்களிடம் சொன்னாளாமே. கெட்டிக்காரப் பெண். அவள் பேரில் பழி வரக்கூடாது என்றுதான் இதையெல்லாம் நானே சொல்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அன்று ராசம்மாள் பேசுவதற்கு முன்பே ஆரோக்கியராஜ் என் செல்லுக்குக் கூப்பிட்டான். வெண்மதி உள்ளே இருந்தாள். நான் வராந்தாவில் நின்று பேசினேன்.

"மச்சான், டயரு சேத்துல எறங்குது. புள்ளைங்க பயப்படுதுங்க. அந்தப் பொண்ணு போட்ட மேப்ப நான் நம்பல, ஒன்னத்தான் நம்பறேன். இது மேடுதானா? இல்லன்னா சொல்லு, இப்பவே திருப்பிடறேன்."

பின்னால் ஒரு குழந்தை அழுதது. வேனைத் திருப்ப அப்போது வழி இருந்தது. மடு என்று நான் சொல்லியிருந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று பிறகு எல்லாரும் கேட்டிருப்பார்கள்.

"மேப்புல மேடுன்னுதான் போட்டிருக்கு. அங்கயே இரு" என்றேன்.

அவனிடம் நான் பொய் சொல்லவில்லை, சார். மேப்பில் அப்படித்தான் இருந்தது.