முள்ளெலிக்காக வழக்காடிய எங்கள் முள்ளம்மாவுக்கு

அலைகடலின் அடியறிந்த ஆய்வரசியே! பாறைக்கும் பாசிக்கும் பரிந்து பேசிய பெருந்தகையே! முள்ளுக்கு அஞ்சாத கையும் உண்மைக்கு அஞ்சாத நெஞ்சும் ஒருங்கே வாய்த்த எங்கள் நிலையத் தலைவியே! கோப்புகளில் முதுநிலை ஆய்வாளர் என்றும், முட்பந்துபோல் பாறையில் ஊரும் கடல் முள்ளெலிகளே கதியென்று கிடந்ததால் படகுகளில் முள்ளம்மா என்றும் அழைக்கப்படும் எங்கள் அன்பு மேடமே! பணி நிறைவு காணும் இந்நாளில் உங்களுக்கு எங்கள் வணக்கம்!

பாராட்டு மடலில் கொஞ்சம் பொய் கலக்காமல் முடியாது என்பார்கள். உங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எங்களுக்கு அந்த வேலையே இல்லாமல் போயிற்று. ஈர ரப்பர் உடைகளின் வாடை வீசும் கிடங்கறைக்கு எல்லோருக்கும் முன்னே வந்து காற்று உருளைகளைச் சரிபார்த்தவர் நீங்கள்! மதிய உணவுப் பெட்டிகளுக்கு நடுவே முள்ளெலிகளை அடுக்கி வைத்து, குளிர்பெட்டியைத் திறந்த கணக்கரை அலறவைத்தவரும் நீங்களே! உங்கள் உள்ளங்கையில் ஒடிந்து தங்கிய முட்களைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்த உங்கள் கணவர், தையற்கலைஞர், இதோ முன்வரிசையில் இருக்கிறார். "பட்டன் தைக்க வாங்கின ஊசி, இதுவரைக்கும் ஒரு பட்டனையும் பாத்ததில்ல" என்று அவர் அலுத்துக்கொள்வது எங்களுக்குத் தெரியும். இந்தப் பாராட்டில் பாதி அவருக்குச் சேரும்.

மடல்களில் தவறுகளை எழுதும் வழக்கமில்லை. ஆனால் உங்கள் பெருமை ஒரு தவற்றிலிருந்தே தொடங்குவதால் அதை விட்டுவிட எங்களுக்கு மனம் வரவில்லை. நம் குடாவின் பாசிக்காட்டை முள்ளெலிகள் மேய்ந்து தீர்த்து, அடிப்பாறை மொட்டையாகி, மீன்கள் ஒதுங்கிப்போன காலத்தில், அவற்றை உடைத்தெறியச் சுத்தியலோடு முதலில் இறங்கியவர் நீங்கள். ஒரே பருவத்தில் பாறை முழுவதையும் துடைத்தெடுத்தீர்கள், கரையே கைதட்டியது. அடுத்த பருவத்தில் முன்னைவிட அதிகமாக அவை வந்து நின்றன! பெரியவற்றின் முள்நிழலிலும் பாறை இடுக்கிலும் ஒளிந்திருந்த குஞ்சுகள் வளர்ந்திருந்தன. அவற்றைத் தின்ன வேண்டிய பெரிய மீன்களோ கடலில் இல்லை.

வேறொருவராக இருந்தால் இன்னும் பெரிய சுத்தியல் கேட்டிருப்பார். நீங்கள் மீன் ஏலக் கொட்டகைக்குப் போய், படகுச் சங்கத்தார் எல்லோர் முன்னும் எழுந்து நின்றீர்கள்.

"நான் பண்ணினது தப்புங்க. முள்ளெலி மேல கோபப்பட்டு ஒண்ணும் ஆகாது. அதைத் தின்ன வேண்டிய பெரிய மீனையும் சிங்கி இறாலையும் நாம பிடிச்சுத் தீத்துட்டோம். ஊர்ச் சாக்கடையையும் இங்கதான் விடுறோம். அது பாவம், பசிக்குத் தின்னுச்சு."

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று எல்லோரும் சொல்வார்கள். எய்தவர்களின் கூட்டத்திலேயே போய்ச் சொன்னவர் நீங்கள்! குடாவில் பாதியை வலை படாமல் விட்டுவைக்கச் சொன்னீர்கள். கொட்டகை கொதித்தது. "பாசி திரும்பலன்னா எங்க பொழப்புக்கு யார் பதில் சொல்றது?" என்று சீறினார் சங்கத் தலைவர். "நான் ரிட்டயர் ஆகிற மாசம் வந்து பாருங்க. பாறை மொட்டையா இருந்தா நீங்களே வலையைப் போட்டுக்கங்க. நான் வாயே திறக்க மாட்டேன்" என்றீர்கள். அந்தப் பேச்சை நம்பிச் சங்கம் அரைமனதோடு ஒப்புக்கொண்டது. அன்றே உங்கள் பணிக்காலம் முழுவதையும் பந்தயத்தில் வைத்துவிட்டீர்கள்.

பட்டினி கிடந்தே ஆண்டுகளைத் தள்ளும் பிடிவாதப் பிராணி முள்ளெலி. அதைவிடப் பிடிவாதம் உங்களுக்கு! சாக்கடை நீரைச் சுத்திகரித்து விடும்வரை நகராட்சி அலுவலகத்தின் மாடிப்படியை நீங்கள் தேய்த்த தேய்ப்பில் அங்குள்ள காவலாளிக்கு உங்கள் காலடியோசை அத்துப்படி. பாறை மட்டும் மொட்டையாகவே கிடந்தது. எங்களில் பலர் உள்ளுக்குள் நம்பிக்கை இழந்தோம். பிறகு ஒருநாள், நீருக்கடியில், தலை பெருத்த மீன் ஒன்று முள்ளெலியைப் புரட்டிப் போட்டு மொறுமொறுவெனக் கடித்ததைக் கண்டோம். வாயில் காற்றுக்குழாயை வைத்துக்கொண்டே நீங்கள் போட்ட கூச்சல் எங்கள் காதுகளில் இன்னும் இருக்கிறது.

கடைசிக் கணக்கெடுப்பு சென்ற வாரம் நடந்தது. சங்கத் தலைவரே தம் படகில் வந்தார், வலையும் உடன் வந்தது. கணக்கெடுக்கும் இரும்புச் சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு, தோளுக்குமேல் பின்பக்கமாக எறிய வேண்டும். அது எங்கே விழுகிறதோ அந்தச் சட்டத்துக்குள் இருக்கும் பாசியையும் முள்ளெலியையும்தான் எண்ண வேண்டும் என்பது நீங்கள் வகுத்த விதி. பச்சையாகத் தெரியும் இடம் பார்த்துப் போடுகிறவரை நீங்கள் மன்னித்ததே இல்லை. அன்று நீங்களே எறிந்தீர்கள். சட்டம் பாறையைத் தொடவில்லை. அடர்ந்த பாசியின்மேல் மெத்தையில் கிடப்பதுபோல் கிடந்தது! இடம் மாற்றி எறிந்தும் அதே கதை. மூழ்கிப் பார்த்து மேலே வந்த நம் ஆள், "தலைவரே, சட்டம் அடியில போய் உக்காரவே மாட்டேங்குது!" என்று கத்தினார். பாசியை விலக்கிப் பார்த்தபோது இடுக்குகளில் முள்ளெலிகளும் இருந்தன, இருக்க வேண்டிய அளவில். எதையும் அழிக்காமல் வென்றீர்கள் மேடம்!

மாசற்ற மனத்தவரே! மறுபடி முளைத்த காட்டின் மாண்புமிகு தலைவியே! இனி நீங்கள் கடலில் இறங்க எவருடைய அனுமதியும் வேண்டாம். உடல் நலமும் உள்ள நிறைவும் குன்றாமல், உற்றார் சூழ நெடுங்காலம் நீந்தி மகிழுங்கள்! நீங்கள் இல்லாத நிலையத்தை நினைத்தால் எங்களுக்கு அழுகை வருகிறது. வென்ற கையோடு போகிறீர்கள் என்று நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

அன்பும் பெருமிதமும் கொண்டு,
கடலாய்வு நிலையத்தின் ஆய்வாளர்கள், மூழ்குநர்கள், படகோட்டிகள், அலுவலகப் பணியாளர்கள்

கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டவர்: படகுச் சங்கத் தலைவர். "மீதிப் பாதியையும் விட்டுவைக்கிறோம், முள்ளம்மா."