பதிவு பொய் சொல்லாது

அந்த மைக்கை மேசைமேல் அப்படியே வைத்தால் நான் தண்ணீர் டம்ளரை வைக்கிற சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். அடியில் ஒரு கைக்குட்டையை மடித்துப் போடுங்கள். ஆமாம், அவ்வளவுதான். இனி நான் மெல்லப் பேசினாலும் பதிவில் விழும். நான் சத்தமாகப் பேசுகிறவள் இல்லை.

எங்கள் நிறுவனம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்வீர்கள். ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் கேமராக்கள், விளக்குக் கால்கள், சுருட்டி மாட்டிய கேபிள்கள். உள்ளறையில் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு நானும் என் இரண்டு திரைகளும். தொழிற்சாலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று யார் கேட்டாலும் படம் எடுத்துக் கொடுப்போம். கேமரா என் கணவர். ஒலிப்பதிவு செய்பவருக்குக் 'காது' என்று பெயர் வைத்திருந்தோம். பக்கத்துத் தெருவில் குழாய் சொட்டினால் இங்கே முகம் சுளிப்பார். மனிதர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்பது என் நாத்தனார், கணவரின் தங்கை. வாய் ஓயாது என்பதால் வீட்டில் அவள் 'ரேடியோ'. எடுத்து வந்ததை வெட்டி ஒட்டிப் படமாக்குவது நான்.

ரேடியோ கேள்வி கேட்டால் கல்லும் வாய் திறக்கும். கொதிகலன் பக்கத்திலேயே இருந்து பேச்சையே மறந்துபோன ஒரு தொழிலாளி, அவளிடம் செத்துப்போன மனைவியைப் பற்றிச் சொல்லி அழுதார். படம் பார்த்தவர்கள் எல்லாரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த அழுகை எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானித்தவள் உள்ளறையில் இருந்தாள். குறையாகச் சொல்லவில்லை. தொழில் அப்படி.

எங்களிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஆரம்பத்தில் ஒரு மேலாளர், "நான் அப்படிச் சொல்லவே இல்ல" என்று எங்களோடு மல்லுக்கு நின்றார். பதிவைப் போட்டுக் காட்டியதும் தானே ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும் கணவர் சொல்வார்: "ஞாபகத்த நம்பாத. பதிவைத்தான் நம்பணும். பதிவு பொய் சொல்லாது." படப்பிடிப்பு முடிந்து வந்ததும் அன்று எடுத்ததை அன்றே எல்லாரும் உட்கார்ந்து பார்ப்போம். அவர்கள் சாமான்களை இறக்கி, முகம் கழுவி வருவதற்குள் நான் பதிவுகளை இறக்கி வரிசைப்படுத்தி வைப்பேன். அந்தச் சின்ன இடைவெளி என்னுடையது.

மாமியாரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஐம்பதைத் தாண்டியதுமே அவருக்கு நினைவு கலைய ஆரம்பித்தது. அவர் கட்டில் ஓரத்தில் கணினியை வைத்து வேலை பார்த்துக்கொண்டே நான்தான் கவனித்தேன். குளிப்பாட்டித் தலை துவட்டும்போது கேட்பார்: "சம்பளம் வாங்கிட்டியாம்மா? வாங்கிட்டா கெளம்பு, உன் வீட்ல தேடுவாங்க." ரேடியோவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் மட்டும் அவர் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆகும். அவர் போன பிறகு ஒருநாள் ரேடியோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, எனக்கும் இது வந்தா?" என்றாள். "வந்தா நான் பார்த்துக்கறேன்" என்றேன். அப்போது அதை உண்மையாகத்தான் சொன்னேன்.

சட்டையில் குத்திய மைக்கை அணைக்க மறந்துவிட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. அதையெல்லாம் கேட்கிற ஒரே ஆள் எடிட்டர்தான். முதலாளிகள் திட்டுவது, தாளாளர்கள் ஏப்பம் விடுவது எல்லாம் கேட்டிருக்கிறேன். ஒருநாள் ரேடியோவின் மைக்கில் இது வந்தது. வண்டியில் காதிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

"அண்ணி பாவம். அம்மாவ பாத்துப் பாத்து அவங்களே ஒரு மாதிரி ஆயிட்டாங்க. கட்டிங் எல்லாம் பழசா இருக்குன்னு ஆளுங்க சொல்றாங்க. வேற எடிட்டர் யாரையாவது போட்டுட்டு அவங்கள உக்கார வெச்சுச் சோறு போடணும்."

"நீயே சொல்லு. உன் அண்ணி கத்திரியோட நிக்கிறப்போ சொல்லாத."

இருவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அதில் ஒரு துளி விஷம்கூட இல்லை என்பதால் அதைப் பலமுறை போட்டுக் கேட்டேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் அழுதுவிட்டு மறந்திருப்பேன்.

தொடங்கியது தற்செயலாக. ஒரு ஆசிரியையிடம் அவள் கேள்வி கேட்கும்போது லாரி போனது. நிறுத்தி, அதே கேள்வியை மறுபடி கேட்டாள். நான் லாரிச் சத்தத்தை நீக்கிவிட்டு இரண்டாவது கேள்வியை நீக்க மறந்துபோனேன். அன்று மாலை போட்டுப் பார்க்கும்போது திரையில் ரேடியோ ஒரே கேள்வியை அடுத்தடுத்து இரண்டு முறை கேட்டாள்.

"நான் ரெண்டு வாட்டி கேட்டேனா?" என்றாள்.

கணவர் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தார். காது இன்னும் கீழே வண்டியில். லாரி என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அம்மாவை நினைத்துவிட்டாள். "பரவால்ல, எல்லாருக்கும் வரதுதான்" என்றேன்.

பிறகு நான் வேலையைக் கவனமாகச் செய்தேன். இரண்டு கேமராவில் எடுப்போம். ஒன்று அவளைப் பார்க்கும், மற்றது பதில் சொல்பவரை. பேச்சை ஒட்டிய இடம் தெரியக்கூடாது என்றால் அந்த நொடியில் கேட்பவர் முகத்தையோ மடியில் இருக்கும் கையையோ காட்டுவோம். யாரும் அந்தக் கையைச் சந்தேகப்பட்டதில்லை. பதில் சொன்ன பிறகு அதே கேள்வியை அவள் கேட்கும்படி வைத்தேன். நேற்றுப் பார்த்தவரின் பெயரால் இன்று பார்த்தவரைக் கூப்பிடும்படி வைத்தேன். அவள் சொல்லாத ஒரு வார்த்தையைக்கூட நான் சேர்க்கவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எல்லாம் அவள் வாயிலிருந்து வந்தவை. இடம் மட்டும் மாறியிருக்கும்.

"நான் அவர சரியாத்தான் கூப்பிட்டேன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று ஒருமுறை சொன்னாள். கணவர் திரையைக் காட்டினார். "ஞாபகத்த நம்பாதம்மா" என்றார், பிரியமாக. அவள் தலையை ஆட்டினாள். அந்தச் சட்டத்தில் வளர்ந்தவள்தானே.

டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனால் தாய்க்கு இருந்தது என்றதும், கூடவே நான் தொகுத்துக் கொண்டுபோன துண்டுகளைப் பார்த்ததும், அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மாத்திரை எழுதினார். பயத்தில் தூக்கம் போயிற்று என்று அதற்கும் எழுதினார். மாத்திரைகளின் மந்தத்தில் அவள் உண்மையாகவே தடுமாற ஆரம்பித்தாள். அதன்பிறகு நான் வெட்ட வேண்டியது குறைந்துபோனது.

கேள்வி கேட்பதை விட்டாள். வண்டி ஓட்டுவதை விட்டாள். காது அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு அண்ணனிடம் கேட்டிருந்தார். அதற்கும் அவளே வேண்டாம் என்றாள். "நாளைக்கு அவர் யாருன்னு எனக்குத் தெரியாமப் போச்சுன்னா, பாவம் இல்லையா?" என்றாள். நாள் முழுக்க என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். அரை மணிக்கு ஒருதரம், "அண்ணி, நான் சாப்டேனா?" நான் சொன்னால் சாப்பிட்டிருப்பாள். நான் எழுந்து போனால் அண்ணி, அண்ணி என்று தேடுவாள். அந்த வீட்டில் என்னை ஒருவர் அப்படித் தேடியது அதுதான் முதல் தடவை. அந்த நாட்களில் நான் நன்றாகத் தூங்கினேன்.

அவளே ஒரு யோசனை சொன்னாள். நினைவு இருக்கும்போதே தனக்குத் தானே பேசி ஒரு பதிவு வைத்துக்கொள்ள வேண்டுமாம். நான் விளக்கைப் பொருத்தினேன். நெற்றியில் பளபளப்பு வராமல் பவுடர் ஒற்றிவிட்டேன். கேமராவைப் பார்த்துச் சொன்னாள்: "பயப்படாத. உனக்கு ஒரு அண்ணன் இருக்கான். எதுவும் புரியலன்னா அண்ணியக் கேளு. அவங்க சொல்றதுதான் நெசம்." அதில் நான் எதையும் வெட்டவில்லை. வெட்டத் தேவைப்படவில்லை.

கண்டுபிடித்தது காது. ஏதோ பழைய ஒலி வேண்டும் என்று என் கணினியில் தேடியவர், டாக்டருக்குக் காட்டிய துண்டுகளைப் போட்டுக் கேட்டிருக்கிறார்.

"அக்கா, இந்தப் பேர் வர எடத்துல மட்டும் ஜெனரேட்டர் ஓடுது. முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. நாங்க அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல இருந்தோம். அங்க ஏது ஜெனரேட்டர்?"

"உன் காதுக்கும் வயசாயிடுச்சு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒலியைத் தனியாகப் பதிவுசெய்வது அவர் வழக்கம். மூலப் பதிவுகளை ஒன்றுகூட அவர் அழித்ததில்லையாம்.

அதையும் இதையும் போட்டுக் கேட்ட கணவர் கத்தவில்லை. "அவ உனக்கு என்ன பண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

"பாவம்னு சொன்னா."

"நல்ல வார்த்தைதானே அது?" என்றார். அவருக்குப் புரியாது. அவர் வெளிச்சத்தைப் பார்த்தே பழகியவர்.

ஆக, நான்தான் செய்தேன். தெரிந்து செய்தேன், யாரும் தூண்டவில்லை. வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ போடுகிறேன்.

நீங்கள் கேட்கும் மற்றதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவளிடம் மூலப் பதிவையும் நான் வெட்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார்களாம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல எது நெசம்? அண்ணி வந்து சொல்லட்டும்" என்றாளாம். அண்ணன் சொல்லி நம்பவில்லை. டாக்டர் சொல்லி நம்பவில்லை. மாத்திரையை நிறுத்தவும் பயப்படுகிறாள். நான் ஒருத்தி போய், "உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் நான் செய்தது" என்று சொன்னால் போதும், தேறிவிடுவாள் என்கிறீர்கள்.

இருக்கலாம். ஆனால் அவளுக்கு இந்த உலகத்தில் நம்புவதற்கு என்று மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். அதையும் பறித்துக்கொண்டு வரச் சொல்கிறீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள், அவ்வளவு கொடுமை செய்ய எனக்கு மனம் வராது.