சத்தம் சரியில்லை

வீட்டில் நான் தம்பி, இங்கே வெளிநாட்டில் மியூட். வயது இருபத்தைந்து. ஹோட்டல் துணிகளை வெளுக்கிற ஆலைக்குப் பின்பக்கம், வேலையாட்கள் தங்கும் அறையில் என் கட்டிலில் உட்கார்ந்து பேசுகிறேன். நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது. கையால் எழுதினால் பாதியில் அழித்துவிடுவேன் சித்தி, அதனால்தான் இப்படி.

வீடியோ கேமரா வாங்குகிறவர்கள் படம் எப்படி விழுகிறது என்று பார்ப்பார்கள். சத்தம் எப்படிப் பதிகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இதை உங்களுக்கு அனுப்பக் காரணம், அத்தான் போனதிலிருந்து அக்காவுக்கு வருவதையெல்லாம் நீங்கள்தான் படித்துக் காட்டுகிறீர்கள். எழுத்தைப் பார்த்தாலே அவளுக்குக் கண் நிறைந்துவிடுகிறது என்று சொன்னீர்கள். பாப்பாவை முதலில் வெளியே விளையாட அனுப்பிவிடுங்கள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நம் மொழிக்காரர்கள். ஒவ்வொரு மெஷினையும் எப்படிச் சுத்தம் செய்வது என்று அவர்களுக்குக் காட்ட, சூப்பர்வைசர் ஒரு சின்ன கேமரா வாங்கினார். அத்தான் செய்து காட்டிப் பேச வேண்டும், நான் பிடிக்க வேண்டும். துணி உலர்த்துகிற டிரையர் ஹாலில் நான் சூட்டில் மயங்கி விழுந்ததைப் பார்த்து, "இவன் கை ஆடாது சார், கேமராவ இவன்கிட்டயே குடுங்க" என்று எனக்காகக் கேட்டு வாங்கியது அத்தான்தான். இங்கே என்னை வரவழைத்ததும் அவர்தான். அதை நான் மறக்கவில்லை.

மியூட் என்ற பெயரும் அவர் வைத்ததே. நான் வாய்க்குள்ளேயே பேசுகிறேனாம். போனில் பாப்பாவுக்கும் சொல்லிக்கொடுத்தார். அவள் "மியூட் மாமா, மியூட் மாமா" என்று கத்த, அந்தப் பக்கம் அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

முதலில் எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோது எல்லோருக்கும் சிரிப்பு. "என்ன மாப்ள, நான் வாயத் தொறக்குறேன், மெஷின் பேசுது. பேய் புடிச்சவன் மாதிரி இருக்கேன்" என்றார் அத்தான்.

குறை கேமராவில் இருந்தது. அதன் மைக்குக்கு மனுஷன், மெஷின் என்று வித்தியாசம் கிடையாது. சுற்றிலும் அமைதியாக இருந்தால் சத்தத்தைத் தானாகவே ஏற்றும், பெரிய இரைச்சல் வந்தால் தானாகவே இறக்கும். டிரையர்களுக்குப் பயந்து அத்தானையும் சேர்த்து இறக்கிவிட்டது. நான் அந்தத் தானியங்கியை அணைத்து, கையால் அளவு வைக்கக் கற்றுக்கொண்டேன். அது போதவில்லை. காலரில் குத்துகிற, கம்பி இல்லாத சின்ன மைக் ஒன்று வேண்டும் என்று சொன்னேன். சூப்பர்வைசர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அத்தான் தானே போய் வாங்கி வந்தார். "வச்சுக்க. ஒரு வேலையாவது உருப்படியாக் கத்துக்க."

அதற்குப் பிறகு சத்தம் மிக நன்றாக இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. போன வருஷத்திலிருந்து எல்லோரிடமும் நான் சொன்னது ஒரே ஒரு பொய், சத்தம் சரியில்லை என்பது.

அன்று பெரிய டிரையரின் முறை. மைக்கைக் குத்தி, பதிவை ஓடவிட்டு, நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றேன். அத்தான் ஒரு துணி எடுக்க அடுத்த வரிசைக்குப் போனார். காலரில் மைக் இருப்பதை மறந்துவிட்டார். அங்கே இஸ்திரி போடுகிற பெரியவரிடம் அவர் பேசியது என் காதுக்குள் கேட்டது.

"பையன் தங்கம்ணே. ஆனா இந்த எடத்துக்கு ஆகமாட்டான். தூக்கத்துல பயந்து கத்துறான். அடுத்த மாசம் ஊருக்கு அனுப்பிரலாம்னு இருக்கேன். இப்பச் சொன்னா அழுதுருவான். டிக்கெட்டக் கையில குடுத்துட்டுச் சொல்லிக்கிறேன்."

"அழுதாலும் சத்தம் வராதே, மியூட்டுதானே" என்றார் பெரியவர். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பயந்து கத்துகிறான் என்று சொல்லும்போது அத்தானின் குரல் கம்மியிருப்பது இன்றைக்குக் கேட்டால் தெரிகிறது. அன்று என் காதில் விழுந்தது ஆகமாட்டான் என்பது மட்டும்தான். பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நிற்கிற என்னை அக்கா எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். நீங்களும் எப்படிப் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன் சித்தி.

அத்தான் வந்து டிரையருக்குள் குனிந்தார். அது ஆள் நின்று வேலை செய்கிற அளவுக்குப் பெரியது. கதவு திறந்திருந்தால் ஓடாமல் இருக்க ஒரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டு, ஆனால் அதை யாரோ எப்போதோ டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள். எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் மெயின் சுவிட்சை அணைப்பது முதல் பாடம்.

"மெயின ஆஃப் பண்ணிட்டியா மாப்ள?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

உள்ளே ஏறி, பஞ்சை எப்படிச் சுரண்டி எடுப்பது என்று பொறுமையாகக் காட்டினார். முடிக்கும்போது கேமராவைப் பார்த்துச் சொன்னார்: "கடைசியா ஒண்ணு. உள்ள ஆள் இருக்கும்போது, யார் சொன்னாலும் சரி, மெஷினப் போடாத. புரிஞ்சுதா மியூட்டு?"

இனி வரப்போகிற ஒவ்வொரு புது ஆளும் அந்த மியூட்டு என்பதைக் கேட்பான் என்று தோன்றியது. என் கை கேமராவுக்கு வெளியே, பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. கொஞ்சம் பயப்படட்டும், ஒரு சுற்று சுற்றட்டும் என்று நினைத்தேன். அழுத்தினேன். சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தியதும் நான்தான், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். படம் கொஞ்சம்கூட ஆடவில்லை.

கழுத்து முறிந்திருந்தது என்றார் டாக்டர். உடனே போயிருக்கும் என்றார்.

எல்லோரும் அத்தானைச் சுற்றி நின்றார்கள். கேமராவைப் பற்றி யாருக்கும் நினைவு வரவில்லை. சத்தத்தைச் சுத்தம் செய்யத் தெரிந்தவனுக்கு அதைக் கெடுக்கவும் தெரியும். முதன்முதலில் எடுத்த அந்த மோசமான பதிவின் இரைச்சலை எடுத்து, இதன் மேல் போட்டேன். அத்தான் பேசியதெல்லாம் அதில் முழுகிப்போனது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரைச்சலைக் கொஞ்சம் விலக்கினேன். மெஷினப் போடாத என்பதில் கடைசி எழுத்தை மூடிவிட்டேன்.

இப்போதுகூட நான் போடாத என்று சொன்னால் இந்தப் போன் போடா என்றே எழுதுகிறது. ஒவ்வொரு தடவையும் நான்தான் கையால் த சேர்க்கிறேன். ஒரு எழுத்துதான் சித்தி. அது இருந்தால் அவர் தடுக்கிறார். இல்லாவிட்டால், போடுடா என்பதை அவசரத்தில் சொன்னது போல இருக்கிறது.

விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் நாலைந்து தடவை கேட்டுவிட்டு, போடச் சொல்கிறார் என்றார். என்னைக் கேட்டார்கள். "சத்தம் சரியில்ல சார். போடான்னுதான் எனக்குக் கேட்டுச்சு" என்றேன். ஒரு அதிகாரி என் தோளில் கை வைத்தார். சொன்னதைக் கேட்ட பையன் என்று எழுதிக்கொண்டார்கள். அப்போதிலிருந்து எல்லா வீடியோவும் நான்தான் எடுக்கிறேன். என்னை ஊருக்கு அனுப்புகிற பேச்சே இல்லை.

அந்தப் பதிவை அக்கா கேட்டு வாங்கினாள். அவர் குரல் என்று வேறு எதுவும் தன்னிடம் இல்லை என்றாள். அனுப்பினேன். நம் பக்கத்து ஆட்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று உங்களுக்கே தெரியும். உள்ளே நின்றுகொண்டு ஒருத்தன் போடச் சொல்கிறான் என்றால், சாக நினைத்துத்தான் சொல்லியிருப்பான் என்றார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நீதானடா பக்கத்துல இருந்த. எங்கள விட்டுட்டுப் போகணும்னு நெனச்சாராடா? நான் அன்னிக்கிக் காலைல போன்ல சண்ட போட்டேன்டா. அதுனாலயா?"

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு எழுத்துதான் தேவைப்பட்டது. நான், "சத்தம் சரியில்லக்கா" என்றேன். அவள் அழுவது நன்றாகக் கேட்டது. போனைக் கொஞ்சம் காதிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அதையும் தாங்கிக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீடியோ காலில் பாப்பாவைக் காட்டினீர்கள். அவள் பொம்மையை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, அத்தான் மாதிரியே, "மெஷினப் போடா" என்றாள். டப்பாவை உருட்டினாள். பிறகு திறந்து பார்த்து, "அப்பா டாட்டா சொல்லாமலே போயிட்டாரு" என்று பொம்மையிடம் சொன்னாள். அக்கா அவளைத் தடுக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

ஆகவே சொல்லிவிடுகிறேன். அத்தான் சாக நினைக்கவில்லை. அக்கா போட்ட சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மெயினை நான் அணைக்கவில்லை. போடாத என்று அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்ட பிறகுதான் போட்டேன். இன்று காலை சூப்பர்வைசரிடமும் சொல்லிவிட்டேன். என்னைக் கூட்டிப்போக ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

அசல் பதிவை இதோடு அனுப்புகிறேன். இரைச்சல் எதுவும் இல்லை. அத்தான் மூச்சு விடுவதுகூடக் கேட்கும்.

படித்துக் காட்டுகிற உங்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்குப் போட்டுக் காட்டும்போது, புரிஞ்சுதா என்று அத்தான் கேட்கிற இடத்தோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு அப்புறம் யாரோ சிரிப்பது போல ஒரு சத்தம் வரும். அது டிரையரின் பெல்ட். மெஷின் நின்ற பிறகும் அது கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கும். அக்கா கேட்டால், பெல்ட் என்றே சொல்லுங்கள்.