முதலிடம் பெற்ற இல்லம்

வயதானவர்களுக்குச் சோற்றைக் கொஞ்சம் குழைய விட வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. பல ஊர் முதியோர் இல்லங்களில் இதைக்கூடக் கவனிப்பதில்லை. ஆலங்குடிக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்புக்குள் இருக்கும் எங்கள் இல்லத்தில் கவனித்தோம். நான்தான் அதன் மேலாளர், ரத்தினவேல்.

சித்திரையில் சென்னையிலிருந்து ஒரு குழு வரும். ராஜ்யத்திலுள்ள இல்லங்களை எல்லாம் சுற்றிப் பார்த்து, எது சிறந்தது என்று தரம் பிரிப்பார்கள். ஐம்பத்தேழாம் வருஷம் எங்களுக்குக் கடைசி இடம். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களின் புண்ணும் நாற்றமும்தான் காரணம். அவர்களைக் குணப்படுத்த என்னால் ஆகாது. கண்ணில் படாமல் வைக்க முடியும். அடுத்த வருஷம் குழு வந்த அன்று அவர்களைத் தோப்புக் கொட்டகைக்கு மாற்றினேன். இரண்டாம் இடம் வந்தது.

இந்த வருஷமும் அப்படித்தான் செய்தேன். ஐந்து பேர். தகரக் கூரை, ஒரே கதவு. நானே பூட்டினேன்.

குழுவினர் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது கொட்டகைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மற்ற முதியவர்கள் எல்லோரையும் முருகன் பாட்டுப் பாடச் சொன்னேன். பாட்டு தொய்ந்தபோதெல்லாம் அமராவதியம்மாளைப் பார்த்தேன். உடனே அவர் குரலை உயர்த்தினார். அவருடைய கணவர் கண்ணுசாமி கொட்டகைக்குள் இருந்தார்.

குழுத் தலைவருக்கு ரொம்பத் திருப்தி. முதலிடம் எங்களுக்குத்தான் என்றும், மறுநாள் காலையில் வந்து படம் எடுப்பதாகவும் சொல்லிவிட்டுப் புதுக்கோட்டைக்குப் போனார்.

கார் போனதும் அமராவதியம்மாள் வந்தார். கும்பிட்டார்.

"ஒரு சொம்புத் தண்ணி மட்டும் குடுத்துட்டு வந்துர்றேங்க. அவுகளச் சத்தம் போட விடமாட்டேன்."

"கதவத் தொறந்தா அஞ்சு பேரும் வெளிய வரணும்னு அழுவாங்க. நாளைக்குப் படம் எடுத்ததும் பாத்துக்கலாம். போயி படுங்க."

போய்விட்டார். அன்று ராத்திரி யாரும் சோற்றைத் தொடவில்லை, பாடிய களைப்பு என்று நினைத்தேன். கொட்டகைச் சாவி என் இடுப்பில் இருந்தது.

விடிந்தபோது தட்டும் சத்தம் நின்றிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அமராவதியம்மாளை நடுவில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். அவர்கள் கிளம்பிய பிறகே கொட்டகையைத் திறந்தேன். கண்ணுசாமி கதவுவரை ஊர்ந்து வந்திருந்தார். விரல்கள் இடுக்கில் மாட்டியிருந்தன. ஐவருக்கும் உயிர் இல்லை.

திறக்க மறந்துவிட்டதாகச் சொல்லும்படி வக்கீல் சொல்கிறார். நான் மறக்கவில்லை, ஐயா. அந்த வெக்கையில் தண்ணீர் இல்லாமல் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பூட்டி வைத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் என்னை ஜீப்பில் ஏற்றியபோது எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்று நடுங்கியதைக் கவனித்திருப்பீர்கள். அமராவதியம்மாள் வாய்விட்டு அழுதார். நானும் போய்விட்டால் இனித் தங்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலை அவர்களுக்கு.