விதை முற்றும் வரை

பூ விரிந்த நாளிலிருந்து விதை முற்ற நாற்பத்தொரு நாட்கள் ஆகும். புத்தகத்தில் படித்ததல்ல. மூன்று காஸ்மோஸ் செடிகளின் காம்பில் சிவப்பு நூல் கட்டி நானே எண்ணினேன். முப்பத்தைந்தாம் நாள் எடுத்த விதையில் பாதிகூட முளைக்கவில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. முன்பே ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இந்தக் கணக்கு தெரிந்தால் என் பதில் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

நான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மாதிரியை உலர்த்தி, சலித்து, அமிலத்தில் கரைத்து, கருவியில் வைத்து, வரும் எண்ணை எழுத வேண்டும். யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்குப் பேச வராது. "இவ வீட்ல இருக்காளா, கிளம்பிட்டாளான்னு செருப்பப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும்" என்பார் அண்ணி. கேலிதான். ஆனாலும் உண்மை.

வேலைக்கு நடந்து போகும் வழியில் ஒரு காலி மனை இருந்தது. பேட்டரிப் பட்டறை இருந்த இடம். மூடிப் பதினோரு வருடம். உடைந்த சுவர், டயர், கிழிந்த மெத்தை, கண்ணாடித் துண்டு. பூனைகூட உள்ளே போகாது. களிமண்ணும் மட்கிய உரமும் பிசைந்து, நடுவில் விதை வைத்து உருட்டிக் காயவைத்தேன். தினமும் காலையில் டிபன் பாக்ஸில் பத்துப் பதினைந்து விதைப்பந்துகளை எடுத்துக்கொண்டு போய், சுவருக்கு மேலாக வீசிவிட்டு நிற்காமல் நடந்துவிடுவேன்.

முதல் பருவத்தில் முப்பது நாற்பது செடிகள் தேறின. காஸ்மோஸ், செண்டுமல்லி, சில சூரியகாந்திகள். அவ்வளவுதான். ஆனால் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் சைக்கிளை நிறுத்திப் படம் எடுத்தார். நான் செய்த ஒன்றை யாராவது நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. எதிர்ப்பக்கம் நின்று நானும் அவர்களைப் பார்த்தேன்.

என்னைக் கையும் களவுமாகப் பிடித்தது எதிர்வீட்டுத் தையல்கார அக்கா. ஜன்னலோரம் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவர். தெருவில் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

"ஏம்மா, தினம் என்னத்த வீசிட்டு ஓடுற? வெடிகுண்டா?"

"விதைக்கா."

"அட, பேசுது. நான் ஊமைன்னு நெனச்சு எவ்ளோ பாவப்பட்டேன் தெரியுமா? எங்க வேல பாக்குற?"

சொன்னேன். அன்றிலிருந்து நான் அவருக்கு விஞ்ஞானி. அவர் மகளுக்கு நாலரை வயது. உருண்டையாக இருப்பதால் பட்டாணி என்று கூப்பிடுவார்கள். விடாமல் பேசுவாள். ஒவ்வொரு பூவுக்கும் பெயர் வைத்து, "இது டீச்சர், இது டீச்சரோட குடை" என்று எனக்கு அறிமுகம் செய்வாள். நான் பதில் சொல்லாவிட்டாலும் அவளுக்குக் குறை இல்லை.

அக்காவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து டயரையும் கண்ணாடியையும் அப்புறப்படுத்தினார்கள். அதன் பிறகு குழந்தைகள் உள்ளே வந்து விளையாடத் தொடங்கினார்கள். அக்கா சுவரோரம் இரண்டு பாத்தி கட்டிக் கீரை விதைத்தார்.

"கீரை வேணாங்கா" என்றேன்.

"ஏன், உன் பூவுக்குக் கண்ணு பட்டுருமா? போடி இவளே. பூவ வெச்சு என்ன கொழம்பா வெக்க முடியும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விதைக்கும் முன் நான் அந்த மண்ணைச் சோதித்திருந்தேன். தெரியாத மண்ணில் விதை போடுவது எனக்குப் பழக்கமில்லை. ஒரு கிலோ மண்ணில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது மில்லிகிராம் ஈயம். குழந்தைகள் புழங்கும் இடத்துக்கு எங்கள் கூடம் வைத்திருக்கும் வரம்பு இருநூறு. அந்தத் தாளை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தேன். பூவை யாரும் தின்பதில்லை என்பது என் எண்ணம். சூரியகாந்தி கொஞ்சம் ஈயத்தை உறிஞ்சவும் செய்யும். நான் அந்த இடத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

வெளியே சொல்லியிருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடங்களின் அறிக்கைகள் என் கை வழியாகத்தான் போகும். இயந்திரம் வரும். இரண்டடி மண்ணைச் சுரண்டி லாரியில் ஏற்றுவார்கள். மேலே சிமென்ட் போடுவார்கள். ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும்.

இரண்டாம் பருவத்தில் மனை முழுவதும் பூத்தது. சுவர் தெரியவில்லை. வந்து பார்த்தவர்களுக்கு வார்த்தை வரவில்லை. என்னைப் போல நின்றார்கள். அந்த விதை முழுவதும் கைக்கு வந்தால், நகரத்தில் நான் குறித்து வைத்திருந்த இன்னும் பதினேழு இடங்களுக்குப் போதும். ரயில் பாதை ஓரம், பாலத்தின் அடி, மூடிய மில்லின் முற்றம். விதை எடுத்ததும் நானே தகவல் சொல்லிவிடுவதாக இருந்தேன். தேதிகூடக் குறித்திருந்தேன்.

பூ விரிந்த ஐந்தாம் நாள் அக்கா சொன்னார்: "பட்டாணிக்கு ரத்தம் கம்மியா இருக்காம் விஞ்ஞானி. சும்மா சும்மா வயித்த வலிங்கறா. டாக்டர் கீரை நெறைய குடுக்கச் சொன்னாரு. நமக்கென்ன, வாசல்லயே வெளையுது."

"நல்லா கழுவிட்டுச் செய்ங்கக்கா" என்றேன்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் எதுவுமே சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல.

பன்னிரண்டாம் நாள் அவர் என் வேலை இடத்துக்கே வந்தார். கவுன் தைத்த மிச்சத் துணியில் சுருக்குப் பை தைத்து, அதில் மண் கொண்டுவந்திருந்தார். புள்ளி போட்ட மஞ்சள் துணி.

"இந்தக் குட்டி மண்ணு திங்குதோன்னு டாக்டருக்குச் சந்தேகம். மண்ண ஒரு தடவ பாத்துருங்கன்னாரு. எனக்கு ஒடனே உன் ஞாபகந்தான் வந்துச்சு. வேற யாரக் கேக்கப் போறேன்?"

பையை வாங்கிக்கொண்டேன். அதிலிருந்து நான்கு நாள் கழித்து அறிக்கை கொடுத்தேன். ஈயம் பதினெட்டு மில்லிகிராம். கருவி காட்டிய எண்ணைத்தான் எழுதினேன். ஒரு எண்ணைக்கூட நான் மாற்றியதில்லை. அக்கா அந்தத் தாளை டாக்டரிடம் காட்டினார். மண்ணில் ஒன்றும் இல்லை என்றதும் வயிற்றில் பூச்சி இருக்கும் என்று மருந்து கொடுத்தார்கள். கீரையைத் தொடரச் சொன்னார்கள்.

அடுத்த நாட்களில் பட்டாணி பூக்களின் பெயரை மறந்தாள். டீச்சரைக் காட்டி, "இது... இது..." என்றாள். எனக்கும் சில நேரம் அப்படித்தான், வார்த்தை தொண்டையில் நிற்கும். அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முப்பத்து மூன்றாம் நாள் வகுப்பில் அவளுக்கு வலிப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்தவர்கள் ஈயம் என்று உடனே சொல்லிவிட்டார்கள். சுகாதார அலுவலகத்திலிருந்து வந்து மண் எடுத்துப் போனார்கள். அவர்களுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வந்தது. எனக்குப் பதினெட்டு. எங்கள் தலைமை ஆய்வாளர் கருவியில் கோளாறு என்று எழுதிக் கொடுத்தார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. மனையைச் சுரண்டத் தேதி வைத்தார்கள். அது நாற்பத்து மூன்றாம் நாள்.

நாற்பத்தொன்றாம் நாள், அதாவது நேற்று, காலையில் போய் விதை எடுத்தேன். நான்கு பைகள் நிறைந்தன. வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பட்டாணி விழித்திருந்தாள். கண் என் பக்கம் திரும்பவில்லை. ஒரு வாரமாக ஒரு சொல்லும் வரவில்லை, இனி வருமா என்பதும் தெரியவில்லை என்று நர்ஸ் சொன்னார். அக்கா என்னை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார். என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"உன் மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்க? மெஷின் கோளாறுன்னு சொல்லிட்டாங்கல்ல. இல்லாட்டி உன் கையே தவறியிருந்தாலும்தான் என்ன? நானுந்தான் எத்தன துணிய தப்பா வெட்டியிருக்கேன். வேணும்னா பண்ணுவாங்க? நீ என் தங்கச்சி மாதிரிடி. உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நான் வேலை தெரியாதவள் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆறு வருடத்தில் என் கையால் ஒரு மாதிரிகூடத் தவறியதில்லை. அங்கிருந்து நேராக இந்த ஸ்டேஷனுக்கு உங்களிடம் வருவதற்கு முன், அதை அவரிடம் தெளிவாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை.

"கை தவறலக்கா. நீங்க குடுத்த மண்ண நான் மெஷின்ல வெக்கவே இல்ல. பையக் கவுத்துக் குப்பையில கொட்டிட்டு, எங்க வீட்டு ஜன்னல் தொட்டியிலேர்ந்து மண்ணு எடுத்து வெச்சேன்."