ராக்காயி அம்மாள் கண் விழிக்கும்போது

முழங்கால் வலியோடும் மேடை ஏறி வந்து அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் ஐயா கனகராஜ் அவர்களே; ஈப்போ வெயிலைப் பொருட்படுத்தாமல் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே; மடியில் பிள்ளையும் காலடியில் பையுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே; மன்றத்தின் மஞ்சள் சட்டையில் மலர்ந்திருக்கும் தொண்டர்களே; உங்கள் அனைவருக்கும் சக தொண்டர் ஜூடித்தின் வணக்கம்.

ஆஸ்பத்திரித் தொண்டின் மேன்மையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மேன்மையைப் பற்றி எனக்குத் தெரியாது. ஒரு கட்டிலைப் பற்றித் தெரியும்.

பெண்கள் வார்டு. ஜன்னலோரக் கட்டில். அதில் ராக்காயி அம்மாள்.

தெலுக் இந்தான் பக்கத்துக்காரர். இளம் வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பால்மரம் போனது, செம்பனை வந்தது. தோட்டம் போனது. கணவர் போனார். மகன் பிழைப்புக்குச் சிங்கப்பூர் போனார். எல்லாம் போனபோதும் போகாமல் நின்றவை அவருடைய கால்கள். இப்போது வலது பாதம் போகப் போகிறது. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். நாளை, திங்கள் காலை, பாதத்தை எடுத்தாக வேண்டும் என்கிறார் டாக்டர். தள்ளிப்போட்டால் நஞ்சு மேலே ஏறும். பாதத்தோடு நிற்குமா? காலோடு நிற்குமா?

அம்மாள் மாட்டேன் என்கிறார். கத்திக்குப் பயமா? இல்லை. நேற்று என்னிடம் சொன்னார்:

"வெட்டட்டும்மா. நா எத்தன மரத்த வெட்டிருக்கேன். ஆனா மயக்கம் தெளிஞ்சு முழிக்கிறப்ப பக்கத்துல ஒரு ஆளு இருக்கணும். காலு இல்லங்கறத நா தனியா பாக்க மாட்டேன்."

இவ்வளவுதான் அவர் கேட்பது. ஓர் ஆள்.

ஆளே இல்லாதவரா அவர்? போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டிலைச் சுற்றி நிற்க இடமில்லை. சொந்தம் வந்தது. பந்தம் வந்தது. சிலிம் ரிவரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தது. நம் மன்றமும் வந்தது. எல்லோரும் போன பிறகு அம்மாள் தன் அலமாரியைத் திறந்து காட்டினார். மைலோ டின். அதன்மேல் மைலோ டின். அதன்மேல் நம் மன்றத்தின் பெயர் ஒட்டிய மைலோ பொட்டலம்.

"இனிப்பு நீரால காலு போவுதுன்னு பாக்க வாராங்க. கையில என்னா? சீனி போட்ட மைலோ! இன்னொரு காலையும் சேத்து எடுத்துரலாம்னு பாக்கறாங்க போல."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போட வந்த நர்ஸ் மிஸ்ஸியும் சிரித்தார். பிறகு அம்மாள் கேட்டார்: "சரி, இத யாரு கலக்கித் தருவா? சுடுதண்ணி அந்தக் கோடியில இருக்கு, நா இந்தக் கோடியில கெடக்கேன்." அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

பெரியோர்களே, நாம் என்ன செய்கிறோம்? போகிறோம். பதாகை பிடிக்கிறோம். படம் பிடிக்கிறோம். பையைக் கொடுக்கிறோம். பறந்துவிடுகிறோம். ஞாயிறு நம்முடையது. திங்கள் யாருடையது? சட்டை வாங்கியவர்கள் இந்த மண்டபம் நிறைய இருக்கிறீர்கள். வேலை நாளில் வருகிறவர்கள் ஒரே காருக்குள் அடங்கிவிடுவோம். பின்னிருக்கையில் இடமும் மிச்சமிருக்கும்.

என்ன சொல்கிறீர்கள், சன்னாசி அண்ணே? "அதுக்குத்தான் மிஸ்ஸிங்க இருக்காங்களே லா" என்கிறீர்களா? இருக்கிறார்கள் அண்ணே. ஊசி அவர்கள் போடுவார்கள். கட்டு அவர்கள் மாற்றுவார்கள். வார்டு முழுக்க ஓடுகிறவர், ஒரு கட்டிலோரம் எப்படி உட்காருவார்?

மகன் வரக்கூடாதா என்று கேட்பீர்கள். விக்னேஸ்வரன் போனில் அழுதார். "அக்கா, முதலாளி கால்ல கூட விழுந்துட்டேன். வெள்ளிக்கிழமதான் விடுவாராம்." வெள்ளி வரை நஞ்சு காத்திருக்குமா?

நீ போகலாமே ஜூடித்? கேட்க வேண்டிய கேள்வி. நாளை கோலா கங்சாரில் எனக்கு வேலை. இருந்த விடுப்பெல்லாம் இந்த ஆஸ்பத்திரிக்கே போய்விட்டது. ஆனாலும் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வர முடியாதவங்க வாரேன்னு சொல்லாதீங்கம்மா. அத கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு."

அதனால்தான் இங்கே நிற்கிறேன். என்ன வேண்டும் என்று கேட்கிறேன்? பணமா? பட்டமா? பாட்டும் பேச்சுமா? ஒரு நாற்காலி. அது அங்கே இருக்கிறது. அதில் ஓர் ஆள். அந்த ஆள் இங்கே இருக்கிறார். யார் என்றுதான் தெரியவில்லை.

கைதட்டாதீர்கள். தட்டுகிற கைகளில் ஒன்று போதும். அதை மேலே தூக்குங்கள்.

நான் காத்திருக்கிறேன்.

பரவாயில்லை. காத்திருக்கிறேன்.

யார் அது, சமையல்கட்டுப் பக்கம்? புனிதா அக்காவா? கொஞ்சம் சத்தமாக, அக்கா. எல்லோருக்கும் கேட்கட்டும்.

"எனக்கு ஆறுதலு எல்லாம் பேசத் தெரியாதுலா. சும்மா உக்காந்திருந்தா போதுமா?"

போதும் அக்கா.

"அழுதாங்கன்னா?"

அழட்டும் அக்கா. நீங்கள் எழுந்து போகாமல் இருந்தால் போதும்.

"அப்ப வாரேன்."

சபையோரே, நான் படித்த படிப்பில் இந்த ஒரு சொல்லுக்கு ஈடாக ஒரு வாக்கியமும் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் ஆறுதல் சொல்லத் தேவையில்லை. அவர் இருப்பார். அது போதும்.

யாரோ கையசைக்கிறார்கள். சன்னாசி அண்ணனா! "வேனு சும்மாதான் கெடக்கு. அக்காவ நா ஏத்திட்டுப் போறேன். அதுக்காக என்னய வார்டுல உக்கார சொல்லாதீங்க, எனக்கு அந்த மருந்து வாடையே ஆகாது." உட்காரச் சொல்லவில்லை அண்ணே. இப்போதைக்கு.

நாளை ஆயிற்று. செவ்வாய்? பாதம் இல்லாமல் கண் விழிக்கும் முதல் நாள் கடினம். அதே உடம்போடு விழிக்கும் இரண்டாம் நாள் இன்னும் கடினம். புதன்? வியாழன்? மகன் வந்து நின்று, மறுபடியும் போன பிறகு? பக்கத்துக் கட்டில்? அதற்கும் பக்கத்துக் கட்டில்?

தலைவர் ஐயா, எனக்கு ஒதுக்கிய நேரம் இன்னும் முடியவில்லை. பொறுத்தருளுங்கள். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடியப்போகிறது. அதற்குள் அம்மாளிடம் போய்ச் சொல்ல வேண்டும். யாராவது வருவார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டார். புனிதா வருகிறார் என்று சொல்வேன். நம்புவார். நாளை காலை அந்த ஆபரேஷன் அறைக் கதவுக்குள் போகச் சம்மதிப்பார்.

இருந்து கேட்ட உங்களுக்கு நன்றி. எழுந்து நின்ற இருவருக்கும் என் வணக்கம். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஆளில்லை. காரை எடுக்கும்வரை வாசலில் நிற்பேன். வருகிறவர்களுக்கும் என் வணக்கம்.